நிகர எடை

பாலத்தராசில் எனக்குப் பதினோரு வருடம்.
லோரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
செம்பனைக் குலையோடு ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை.
கழித்து வருவதற்குத்தான் காசு.
ஆகவே என் கயாக்கைப் பற்றி யார் கேட்டாலும்
எடையில்தான் ஆரம்பிப்பேன்:
பத்தொன்பது கிலோ எழுநூறு.
பாலத்தராசு இதையெல்லாம் எடையாகவே மதிக்காது.
லிம் தவுக்கே கடை அரிசித் தராசில்
முன்பாதி ஒரு தரம், பின்பாதி ஒரு தரம்.

ஊத்தான் மெலிந்தாங், ஆலைக் குவார்ட்டர்ஸ்.
கார் நிறுத்துமிடத்தில் கார் கிடையாது.
ஒட்டுப்பலகை, பிசின், ஒன்பது மாதம்.
மழை மாதத்தில் பிசின் பாலாய்ப் பூத்துக்கொள்ளும்,
சுரண்டிவிட்டு மறுபடி.
"யாருக்கு இவ்வளவு நீளம்?" என்று கேட்டுக் கேட்டு
அக்கம்பக்கம் ஓய்ந்துவிட்டது.
மேல்தளத்துக்கு ஆறு பூச்சு வார்னிஷ்.
குனிந்தால் கூரைத் தகரம் தெரியும், என் மூக்கும்.

அதைத்தான் அறு என்கிறார் குணாளன்.
"உள்ளே ரெண்டு தடுப்பு. காலுக்கு முன்னால ஒண்ணு,
முதுகுக்குப் பின்னால ஒண்ணு.
தடுத்த அறைக்குள்ள கை போகணும்,
அதுக்கு மேல ரெண்டு மூடி."
பாய்லர்க்காரர். மூடிய எதையும் நம்பமாட்டார்,
திறந்ததை அதைவிட.

தண்ணீர் நுழையாதிருக்க ஒன்பது மாதம் அடைத்தேன்,
தண்ணீருக்குப் பயந்து நானே ஓட்டை போடுவதா?
காலிப் போத்தல்களைத் திணித்தால் ஆகாதா?
பெர்னாம் ஆற்றைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.
முதலை என்றுகூடச் சொல்லவில்லை.
"சனிக்கிழமை கவுத்துப் பாப்போம்."

ஆலைக்குத் தண்ணீர் எடுக்கும் குளம், நெஞ்சளவு.
கவிழ்வது சுலபம். அதற்குப் பிறகு
படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு
குடித்தது, குடித்தது.
போத்தல்கள் ஒவ்வொன்றாய் வெளியே வந்து
என்னைவிட நன்றாக மிதந்தன.
கரைக்கு இழுக்க நான்கு பேர்.
மொத்தம் இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும்.
படகைக் கழித்தால்
நிகரம் முழுக்கக் குளம்.

திங்கள், செவ்வாய்.
தடுப்பும் மூடியுமாக மூன்று கிலோ கூடும்.
மூன்று கிலோ ஒரு பிஞ்சுக் குலைக்குக் காணாது.
கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது,
கைதான் வரவில்லை.
பென்சிலால் இரண்டு முட்டை வடிவம் வரைந்துவிட்டு
அவற்றைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

புதன் இரவு, பின்பக்கத்தை மட்டும் அறுத்தேன்.
வாளின் முதல் பல்லில் வார்னிஷ் வெள்ளையாய்த் தெறித்தது.
பிறகு வெறும் பலகைதான்.
அறுத்த துண்டே மூடி,
மரத்தின் ரேகை ஓடிவந்து ஓடிப்போகும்படி.
உள்ளே மூடிக்கிடந்த பிசின் வாசனை.
டார்ச் அடித்தால்,
வைகாசியில் தொலைத்த என் இரும்புக் கவ்வி
பிசினில் பதிந்து, பத்திரமாக.

முந்நூற்று அறுபது கிராம்.
இத்தனை மாதம் ஊருக்கெல்லாம்
தப்பான எடையைச் சொல்லியிருக்கிறேன்,
நான். தராசுக்காரி.

தடுப்பு காய்ந்த அன்று குணாளன் வந்து
விரலால் தட்டினார், காது வைத்தார்.
"நடுவுல ஊசி போற அளவு ஒரு துளை விடு."
இவ்வளவு அடைத்த பிறகா?
"வெயில்ல உள்காத்து பெருகும்.
போக வழியில்லேன்னா மூடியத் தூக்கும்,
இல்ல ஒட்டைப் பிரிக்கும்."
தண்ணீர்?
"வரும். நீ கரைக்கு வரதுக்குள்ள ஒரு தேக்கரண்டி."

தேக்கரண்டி ஐந்து கிராம். குறித்துக்கொண்டேன்.

முன்பக்கத்துக்கு இப்போதைக்குக் காற்றுப்பை,
இந்த முறை கயிற்றால் கட்டி.
அங்கே பென்சில் கோடு அப்படியே இருக்கிறது.
நாளை ஏற்றம் ஆறு இருபதுக்கு.