கதவின் நிறம்

தாலின் டிராம் பணிமனை. இரவு ஷிஃப்ட் முடிந்த பசி.
கறுப்பு ரொட்டி, புகைபோட்ட மீன்,
நடுவில் மூன்று நாவல்கள்.
உர்மாஸ் தந்தது எனக்கு, என்னுடையது ஹெய்னோவுக்கு.

"அவள் வெளியேறுவாளே, அந்தப் பச்சைக் கதவு..."
"பச்சையா? நீலம். துருப்பிடித்த கொண்டி" என்றேன்.
மீன்பிசுக்கு விரல்களோடு பக்கம் புரட்டினோம்.
கதவு என்று மட்டும்தான் இருந்தது.
கொண்டியே இல்லை.

ஹெய்னோ ரொட்டியைப் பிய்த்தபடி:
"எனக்குக் கதவே தெரியவில்லை.
எந்தக் கதையிலும் ஒரு முகம்கூடத்
தெரிந்ததில்லை."

பிறகு எதற்கடா போன வாரம்
ஏழாம் அத்தியாயத்தில் அழுதாய்?

"சாத்திய சத்தத்துக்கு."

மறுநாள் நான்காம் எண் வண்டியில்
நிறுத்தத்துக்கு நிறுத்தம்
கதவு மூடி முடியும்வரை
கண்மூடிக் கேட்டேன்.

ஆறு நிமிடம் தாமதம்.
காரணம் எழுதும் கட்டத்தை
வெறுமனே விட்டேன்.