பற்றவைக்க ஒரு தாள்

யெரெவானில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் நாளைக்கு ஒரு மணி நேரம்,
அது எந்த மணி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
ரொட்டி ஆளுக்கு இருநூற்றைம்பது கிராம்.
பூங்காவில் மரம் நின்ற இடமெல்லாம்
முழங்கால் உயரக் கட்டைகள்.
பிறகு அவையும் இல்லை.

நான்காம் மாடியில் எங்கள் தகர அடுப்பு
ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.
முதலில் போனது அலமாரிக் கதவு.
அப்புறம் அலமாரியில் இருந்தவை.

தலைவர்களின் சொற்பொழிவுகள்,
கெட்டி அட்டையில் நாற்பத்தேழு பாகம்,
நின்று நிதானமாக எரிந்தன.
பேசியபோதும் அப்படித்தான் பேசியிருப்பார்கள்,
யாரும் குறுக்கிட்டிருக்கமாட்டார்கள்.
அப்பாவின் டிராக்டர் பராமரிப்புக் கையேடு
எண்ணெய்க் கறையின் புண்ணியத்தில்
உருளைக்கிழங்கு வேகும்வரை தாக்குப்பிடித்தது.
தம்பி ஸாவென் இன்றுவரை
தனக்குப் பிடித்த புத்தகம் அதுதான் என்பான்.
வழவழத் தாளில் அச்சான ஓவியப் புத்தகம்
எரியவே இல்லை,
புகைந்து எங்களை இருமவைத்ததோடு சரி.

என்னுடையது கழுதைப் புத்தகம்.
மலையுச்சி வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் கழுதை.
தினமும் ஊருக்குள் இறங்கி வந்து
நாளைய மழையை இன்றே சொல்லிவிட்டுப் போகும்.
ஒல்லிப் புத்தகம்.
அடுப்பின் யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அதனால் பற்றவைக்க மட்டும்,
இரவுக்கு ஒரு தாள்.

முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று
நானும் ஸாவெனும் அடித்துக்கொண்டோம்.
பின்னாலிருந்து கிழியுங்கள் என்றாள் அம்மா,
தொடக்கம் கையில் இருந்தால் போதும்,
முடிவை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுப்பு வாயின் கீற்று வெளிச்சத்தில்
இருக்கிறவரை வாசிப்பாள்.
தாள் தீர்ந்த இடத்தில் நிறுத்தமாட்டாள்.
ஓர் இரவு கழுதை
சேவான் ஏரிக்கரையில் கடனுக்கு மீன் வாங்கியது.
ஓர் இரவு பனிப்புயலோடு சீட்டாடித்
தன் லாடங்களைத் தோற்றது.
அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்த இரவு
வெறுமனே தூங்கியது,
எங்களுக்கும் தூக்கம் வரும்வரை தூங்கியது.
புத்தகம் இளைக்க இளைக்க
கழுதைக்கு வயது கூடிக்கொண்டே போனது.
கடைசியில் தலைப்பு மட்டும் இருந்த தாள்.
அதை யார் கிழித்தோம் என்பதில்
எங்களுக்குள் இன்னும் தகராறு.

போன சனிக்கிழமை வெர்னிசாஜ் சந்தையில்
வெள்ளிக் கரண்டிகளுக்கும் கேமரா லென்சுகளுக்கும் நடுவே
அதே புத்தகம்.
கழுதை பழுப்பு நிறமாம்.
நான் இத்தனை காலம்
சாம்பல் நிறம் என்றல்லவா இருந்தேன்.
நின்றபடியே கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.
நிலைய இயக்குநர் கழுதைக்குப் பதக்கம் குத்துகிறார்.
எல்லோரும் கைதட்டுகிறார்கள்.
அவ்வளவுதான்.

அம்மா போய் ஆறு வருடம்.
ஸாவெனைக் கூப்பிட்டேன்.
கிராஸ்னோதார் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.
பதக்கத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை.
எத்தனை தாள் என்று கேட்டான்.
பதினாறு.
சும்மா இரு ஷோகிக்,
டிசம்பரில் ஆரம்பித்தோம்,
அப்பா எல்லையிலிருந்து திரும்பியபோது
ஆப்ரிகாட் பூத்திருந்தது,
அன்று ராத்திரியும் ஒரு தாள் கிழித்தோம்.
மறுபடி எண்ணு.

எண்ணினேன்.
பேரம் பேசுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர்
இரண்டு முறை விலையைக் குறைத்துவிட்டார்.
பதினாறுதான் என்றேன்.

கொஞ்ச நேரம் நெடுஞ்சாலை இரைச்சல் மட்டும்.
பிறகு,
அட்டையையும் சேர்த்து எண்ணு
என்றான்.