இலை துடைக்கும் துணி

மழை விட்டாச்சுன்னு நம்பாதீங்க.
டிசம்பர் பாதி வரைக்கும் இந்தக் கடலுக்கு
வாக்கு சுத்தம் கிடையாது.
தொட்டிக்கு அடியில் ரெண்டு ஓட்டுச் சில்லு கொடுத்துத் தூக்கி வைங்க.
தாகத்தில் சாகிற செடியைவிட
ஈரத்தில் மூச்சு முட்டிச் சாகிற செடிதான்
இந்த மாசம் எங்கிட்டே திரும்பி வருது.

காலையில் ஊத்துங்க, வெயில் ஏறின பிறகு.
ராத்திரி ஊத்தினா பனியும் சேர்ந்து
இலையில் மாவு பூத்துடும்.
லாரித் தண்ணின்னா ஒரு நாள் குடத்தில் கிடக்கட்டும்.
போர் தண்ணி வேண்டாம்.
உப்பு மட்டும்னா சமாளிக்கலாம்,
எங்க போர் பக்கத்தில் தீக்குச்சி உரச
எனக்குத் தைரியம் இல்லை.

சாமந்தி இருக்கு, மஞ்சளும் செங்கல் நிறமும்.
பெட்டூனியா ஓசூர்ச் சரக்கு. பங்குனி தாண்டாது,
சொல்லித்தான் விக்கிறேன்.
டிசம்பர் பூ பத்து ரூபாய்க்கு ஒரு கொம்பு.
குத்தி வெச்சாப் போதும்,
அதுக்கு இதுவரை என் ஆலோசனை தேவைப்பட்டதில்லை.

மல்லியைத்தான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க.
பூக்கலையேன்னு புண்ணாக்குக் கரைச்சு ஊத்தாதீங்க.
பட்டினி போடுங்க.
தை பிறந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி
மிச்ச இலையை உருவிடுங்க.
செத்துடுச்சோன்னு பயமா இருந்தா
நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்க.
பச்சை தெரியும். விட்டுடுங்க.

போகிக்கு டயர் கொளுத்துற தெருவா?
முதல் நாளே நாத்தெல்லாம் உள்ளே.

இப்படி நான் அளந்துகொண்டிருந்தபோதுதான்
பிரிசில்லா கேட்டாள்.
எர்ணாவூர் வாரியக் குடியிருப்பு, ஆறாவது மாடி,
கிழக்கே பார்த்த பால்கனி.
"தூசு ஒட்டாத செடி ஏதாவது இருக்கா அண்ணே?"

தேசப்பன் சிரித்தான்:
"பிளாஸ்டிக்ல இருக்கு. அதையும் தொடைக்கணும்."

நான் வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன்.
வாரம் ஒரு தடவை, ஈரத் துணி,
இலையின் முதுகைக் கையில் தாங்கிக்கொண்டு
காம்பிலிருந்து நுனிக்கு.
மகனுடைய பழைய பள்ளிச் சட்டை, வெள்ளை.
வாசலில் இருந்த குரோட்டன்ஸில் ஏழு இலை துடைத்துக் காட்டினேன்.
கரிச்சட்டி துடைத்த மாதிரி இருந்தது.

அவள் செடியைப் பார்க்கவில்லை.
"இதை எப்ப கழுவினீங்க?"
இன்னைக்குத்தான்மா, காலையில் ஆறரைக்கு.
"இப்ப மணி?"
பதினொண்ணு.
"ஆரோனும் ஆறரைக்குத்தான் வேனுக்குக் கீழே எறங்கினான்."

கண்டெய்னர் லாரி ஒன்று
பிரேக் அடித்துக்கொண்டே பாலத்திலிருந்து இறங்கியது.
என் அலமாரியில்
மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் இருக்கிறது,
வேரழுகலுக்குப் பொடி இருக்கிறது.

துணி என்ன விலை என்று கேட்டாள்.
கேலி என்று நினைத்தேன்.
செடிப் பெயர் எழுதும் பட்டையில்
அழியாத மையால் எழுதச் சொன்னாள், எழுதினேன்:
டிசம்பர் எட்டு. குரோட்டன்ஸ். ஏழு இலை.
நாலரை மணி நேரம்.
விதை போடுகிற ஜிப் கவரில் மடித்து வைத்து
ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.
எங்கே கொண்டுபோய்க் காட்டினாளோ, நான் கேட்கவில்லை.
மண்டல அலுவலகத்தில்
திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் என்று தேசப்பன் சொன்னான்.

அடுத்த வாரம் வந்தாள், கூட ஆறு பேர்.
ஒருத்தருக்கும் செடி வேண்டாம்.
ஜிப் கவர் நூறு, எழுதுகிற பட்டை ஒரு கட்டு.
அதில் ஒரு பெண் மட்டும்
போகிறபோது டிசம்பர் பூ கொம்பு ஒன்று கேட்டாள்.
காசு வாங்கவில்லை.

ஆகவே ஒரு திருத்தம், நான் முன்னே சொன்னதுக்கு:
இலை துடைச்ச துணியை உடனே அலசிப் போடாதீங்க.
காயட்டும். தேதி எழுதி வைங்க.

சாமந்தி இன்னும் நாப்பது தொட்டி மிச்சம் இருக்கு.
ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேலே கடை இல்லை.