துளையிடாத சீட்டு

சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது.
வாங்கினால் மட்டும் போதாதாம்,
வண்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி உண்டு,
அதன் வாயில் கொடுத்துக் கடிபட வைக்க வேண்டுமாம்.
புடாபெஸ்டின் இரண்டாம் எண் டிராமில்
இதை எனக்குச் சொல்ல வந்தவள்
கையில் ஊதாப் பட்டை கட்டியிருந்தாள்.

அதுவரை நான் வெறும் ஜன்னல்.
மஞ்சள் வண்டி ஆற்றை ஒட்டிப் போக
எதிர்க்கரைக் குன்றின் அரண்மனை
பாலம் வந்தால் ஒளிந்து
பாலம் போனால் எட்டிப் பார்த்தது.
நீலம் என்று கேள்விப்பட்டிருந்த டான்யூப்
டீக்கடை டம்ளர் அலசிய நிறத்தில் ஓடியது.
நாடாளுமன்றத்தின் கூர்முனைகளை எண்ணத் தொடங்கி
நாற்பதை நெருங்கும்போது
தோளில் ஒரு விரல்.

"பாஸ்போர்ட்."
கொடுத்தேன்.
"இதில் எது குடும்பப் பெயர்?"
குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் இருப்பது அப்பா.
"பின்னால்?"
நான்.
அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.
இருவருக்கும் இரவலான ஆங்கிலத்தில் சொன்னாள்:
இங்கேயும் அப்படித்தான்,
வீட்டுப் பெயர் முன்னே நடக்கும்
ஆள் பின்னால் வருவோம்.
நெஞ்சில் தொங்கிய அட்டையைத் தட்டிக் காட்டினாள்.
செப்ரெகி எமோக்கே.
உறவு முறை கண்டுபிடித்துவிட்டோம் என்று நம்பிச்
சிரித்து வைத்தேன்.
பன்னிரண்டாயிரம் ஃபோரிண்ட்,
இப்போதே கட்டினால்.

ரசீது எழுதும் நேரத்தை நிரப்பக் கேட்டேன்,
அந்தக் குவிமாடத்துக்குள் போயிருக்கிறீர்களா?
"ஒரு நாளைக்கு இருபது தடவை
அதன் இடுப்பை உரசிப் போகிறேன்.
உள்ளே, இல்லை."
தாளைக் கிழித்தாள்.
"இந்த இடத்தில் நீங்கள் எல்லோரும்
வெளியே பார்ப்பீர்கள். எங்களுக்கு வசதி."
அவளுக்கு அடுத்தவன் அதற்குள்
எல்லாப் பைகளிலும் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

இறங்கிவிட்டேன்.
பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூ
மூன்று நாளாகக் குதிகாலைத் தின்றுகொண்டிருந்தது.
கரையோரக் கல்விளிம்பில் உட்கார்ந்து
லேஸை அவிழ்த்தேன், சாக்ஸை உருட்டினேன்.
கொப்புளம் உடைந்திருந்தது.
ஆற்றுக்காற்று பட்டதும் அப்படி ஒரு சுகம்.
கண்ணை மூடி, ஜோடியை
ஆறு பார்த்தபடி பக்கத்தில் வைத்தேன்.

திறந்தபோது
பக்கத்திலும் ஒரு ஜோடி.
இரும்பு.
அதற்கடுத்ததும் இரும்பு. குதி உயர்ந்த ஒன்று,
கணுக்காலில் மடிந்து தளர்ந்த ஒன்று,
என் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்று.
அதற்குள் மழைநீர்,
நீரில் யாரோ போட்ட மிட்டாய்,
காகிதம் பிரிக்காமல்.
வரிசை நீண்டு போய்க்கொண்டிருந்தது.

கையேட்டில் நான்கு வரி.
நாற்பத்து நான்கின் குளிரில்
சுடுவதற்கு முன் கழற்றச் சொன்னார்களாம்.
தோலுக்கு விலை இருந்தது.
ஆட்களை ஆறு எடுத்துக்கொண்டது.
ஐந்தாவது வரி:
பார்க்கத் தேவைப்படும் நேரம் பத்து நிமிடம்.

சற்றுத் தள்ளி ஒருத்தி
கேமராவைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றாள்,
மரியாதையாக,
என் ஷூ நகர்வதற்காக.

காலுறை இல்லாமலே மாட்டினேன்.
லேஸ் கட்ட விரல்களுக்கு
வழி மறந்துவிட்டது.
எழுந்தேன். வலித்தது.
நான்கு எட்டு வைத்தேன், வலித்தது.
குழந்தைவண்டி தள்ளி வந்த உள்ளூர்க்காரர் ஒருவர்
வேகம் குறைக்காமல்
அந்தச் சின்ன ஜோடியைச் சுற்றிக்கொண்டு போனார்,
தினமும் போகிறவர் போல.

திரும்பும் டிராமில்
சீட்டை எடுத்துப் பெட்டியின் வாயில் வைத்தேன்.
கடித்தது.
இன்னொரு முறையும் வைத்தேன்.