ஏழு நிமிசம்

மச்சான் ஒஸ்லோவில் பாதி ஒட்டிவிட்டு
மனமில்லாமல் விட்ட விமானப் பெட்டி
மரக்கறி லொறியில் மாங்குளம் வந்து
பிறகு என் ஸ்கூட்டியின் பின்சீற்றில்
மல்லாவிக்கு வந்தது.
பல்சா மரம். அப்பளம் மாதிரி.
இறக்கையில் பதினெட்டு விலா,
இரண்டு கப்பலிலேயே முறிந்திருந்தது.
கூடவே ஒரு குட்டி எஞ்சின்,
மெதனோல் குடிக்கிற சாதி.

மெதனோலுக்கு எங்கே போவது.
பாமசியில் கேட்டால் முகத்தைப் பார்க்கிறான்.
தவரூபன் கொழும்பிலிருந்து அரைப் போத்தல் எடுப்பித்தான்.
என்ன சொல்லி எடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

கடைக்குப் பின்னால், பலகையில் இறுக்கி
ஒரே ஒரு தரம் ஓடவிட்டோம்.
கிறீச்சென்று ஏறியது சத்தம்.
பக்கத்து வளவில் மீன் வெட்டிக்கொண்டிருந்த றெஜினா அக்கா
எங்களைப் பார்க்கவில்லை.
மேலே பார்த்தா.
ஒரு கையில் கத்தி.
செதிள் ஒட்டிய மற்றக் கை
பக்கத்தில் யாரையோ தேடித் துழாவியது.
தவரூபன் எண்ணெய்க் குழாயைப் பிடுங்கினான்.
எஞ்சின் நிற்க இன்னும் நாலு செக்கன் எடுத்தது.

"கரண்டுக்கு மாத்துவம்" என்றேன்.

போன் திருத்துகிற கைக்கு
இது பெரிய வேலை இல்லை என்று நினைப்பு.
எண்ணெய்த் தாங்கி கழன்றது.
அது கிடந்த இடத்தில் மூன்று செல் பற்றரி
கொஞ்சம் சாய்ந்து படுக்கச் சம்மதித்தது.
முன்தட்டில் நாலு துளை, நாலு தூண்,
வலப்பக்கம் இரண்டு பாகை திருப்பி,
கீழே இரண்டு பாகை குனித்து மோட்டர்.
நேரே பார்த்தால் நேரே போகாதாம் விமானம்.
காற்று நுழைய மூக்கில் ஒரு ஓட்டை,
வெளியேற வாலருகில் அதைவிடப் பெரிசு.
மச்சான் வட்ஸ்அப்பில் சொன்னான்:
"வாற வழியிலும் போற வழி பெரிசா இருக்கவேணும்."
அவன் போனவன். அவனுக்குத் தெரியும்.

பெட்டியில் இருந்தது சாம்பல் நிறத் தாள்.
அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு
மஞ்சள் எடுப்பித்து, அயன் பண்ணி ஒட்டினேன்.

இரண்டு பென்சில் முனையில்
இறக்கையைத் தூக்கிப் பார்த்தோம்.
வால் விழுந்தது.
பற்றரியை முன்னுக்குத் தள்ளி, இன்னும் தள்ளி,
அதுவும் காணாமல்
தன் ரயர்க் கடையில் சில்லுச் சமப்படுத்துகிற
ஈயக்கட்டி இரண்டை மூக்குக்குள் ஒட்டினான் தவரூபன்.
நேரானது.

மோட்டருக்கு மின் கொடுத்தேன்.
மெல்லிய ஙொய்.
தவரூபன் என்னைப் பார்த்தான்.
வண்டு.
இரவிரவாய்த் தலைக்கு மேலே
வட்டமடித்து எங்களை எண்ணிக்கொண்டிருந்த வண்டு.
அதே சுருதி.
சத்தத்தைக் குறைக்கப் போய்
அதைவிடக் கூடாத சத்தமொன்றை
என் கையாலேயே ஈயம் உருக்கிப் பற்றவைத்திருக்கிறேன்.

இரண்டு கிழமை தொடவில்லை.

பிறகு கணக்குப் போட்டேன்.
வோல்ற்றுக்கு ஆயிரத்து நூறு சுற்றுகிற மோட்டரைக் கழற்றி
அறுநூற்றைம்பது சுற்றுகிறது ஒன்று;
ஒன்பது அங்குல விசிறிக்குப் பதிலாகப் பதின்மூன்று.
ஆறுதலாய்ச் சுற்றும், அகலமாய்த் தள்ளும்.
விசிறி நிலத்தில் முட்டியது.
மோட்டார் சைக்கிள் சில்லுக் கம்பியை வளைத்துக்
காலை உயர்த்தினோம்.
கொக்கு மாதிரி நின்றது, அவலட்சணமாய்.

வவுனிக்குளத்துக்கு இப்பால், அறுத்த வயல்.
றெஜினா அக்காவை நாங்கள் கூப்பிடவில்லை.
தானாக வந்து வரம்பில் குந்தி
முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா.
கிறவல் றோட்டில் ஓடி, துள்ளி,
இடப்பக்கம் இழுத்து, எழும்பியது.
பக்கத்து வீட்டில் மேசை விசிறி ஓடுகிற அளவு சத்தம்.
அக்கா நிமிரவில்லை.
அதற்காகத்தான் இவ்வளவும்.
ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.
பறக்கிற சாமான் ஒன்றைக் கட்டினவளுக்கு
ஒரு ஆளாவது அண்ணாந்து பார்க்கவேண்டாமா?

மூன்றாவது சுற்றில்
இலை உருவின கை நின்றது.
"எடி பிள்ளை, எவ்வளவு நேரம் நிக்கும்?"
"ஏழு நிமிசம் அக்கா."
"பிறகு?"
"பிறகு இறங்கவேணும்."
"ம்."
காம்பை வயலுக்குள் எறிந்துவிட்டு
அப்போதுதான் பார்த்தா.