பச்சைப் பென்சில்

ஸ்ட்ராபெரிப் பெட்டியின் லேபிள் கிழிந்தால்
தூக்கிப்போடச் சொல்கிறார்கள்.
நான் அதன் பின்பக்கத்தில் ஆங்கிலம் எழுதுகிறேன்.
ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்.
என் வலது பூட்ஸில் தண்ணீர் ஏறுகிறது.
அடுப்பில் இருப்பது யாருடைய பானை.
மூன்று மாதமாக இங்கே இருக்கிறேன்.

கடைசியில் எல்ஸ்பெத் ஒரு கொக்கி போட்டாள்.
மாதம் கடந்துவிட்டால்
வினையும் கூடவே கொஞ்சம் கடந்திருக்க வேண்டுமாம்.

ப்ளேர்கவுரி வங்கிக் கவுன்ட்டரில்
முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவள்.
சிவப்பு மை கடன்காரர்களுக்கு என்று
பச்சைப் பென்சிலால் திருத்துகிறாள்.
செவ்வாய் மாலை, சர்ச் ஹால்.
ஹீட்டர் சூடாவதற்குள்
பாதி வகுப்பு முடிந்துவிடும்.

வலுத்த மழை என்று எழுதினால் தப்பு.
கனத்த மழை.
இந்த ஊர் மழைக்குப் பலம் இல்லை, எடைதான்.
பாலித்தீன் கூடாரத்துக்குள் முதுகு வளைந்து
எட்டாவது மணிநேரம் பறிக்கும்போது
சரி, அவள் சொன்னதே சரி என்று படுகிறது.

பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால்
ஒரு குட்டிச் சொல் நிற்க வேண்டும்,
வாசலில் காவலாள் போல.
எப்போது எந்தக் காவலாள்,
எப்போது டீ குடிக்கப் போய்விடுவான் என்று கேட்டேன்.
எல்ஸ்பெத் வாயைத் திறந்தாள்.
மூடினாள்.
"காதுக்கே தெரியும்" என்றாள்.
அவள் காதுக்கு.

சனிக்கிழமை வேலை முடிந்து லாக்கரைத் திறந்தால்
நாரினிலிருந்து ஜிபெக்கின் குரல்
நாற்பது விநாடி நீளத்தில் காத்திருந்தது.

பெக்சுல்தான் நடந்தானாம்.
கால் இரண்டையும் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி
தெருப்பிள்ளைகளை ஓடவிட்டார்களாம்.
முதலில் வந்த சிறுமி கத்தியால் அறுத்தாளாம்.
அறுத்ததும் நாலு எட்டு வைத்தானாம்,
ஐந்தாவதில் ஆட்டின் மேல் விழுந்தானாம்,
அழவில்லையாம்.

லேபிளில் எழுதினேன்:
என் மகன் நடந்தான்.

பென்சில் தாளுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.
"ஒரு பிழையும் இல்லை" என்றாள் எல்ஸ்பெத்,
மூன்று மாதத்தில் முதல்முறையாக.

இருக்கிறது என்றேன்.
இந்த வாக்கியத்தில் நான் முற்றத்தில் நிற்கிறேன்.
கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.
எங்கள் மொழியில் வினையின் வாலில்
ஒரு சின்ன ஒலி வரும்:
நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், நம்புகிறேன்.
அதை இங்கே எங்கே வைப்பது?

'அப்பேரன்ட்லி' என்று எழுதினாள்.
உடனே அழித்தாள்.
"பையன் மேல் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறது."

எங்களை வேனில் திரும்பக் கூட்டிப்போக
டூகி கதவருகே சாவியை ஆட்டிக்கொண்டிருந்தான்.
"சீமிங்லி" என்றான்.
"எங்கம்மா எல்லாத்துக்கும் அதான் சொல்லுவா.
செத்தவனுக்கும் அதே, கல்யாணம் கட்டினவனுக்கும் அதே."

"அது சரியான ஆங்கிலம் இல்லை, டூகி."
"எங்க வீட்டில் சரியாத்தான் இருந்தது."

அந்த மொழிக்குள்ளேயே பிறந்த இரண்டு பேர்
ஒரு சொல்லை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.
நான் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.
டப்பாவில் கடைசி இரண்டு.

அப்புறம் எல்ஸ்பெத்துக்கு
முழுக்கதையும் வேண்டியிருந்தது.
நாலு எட்டு என்றதும் விரலை மடித்து எண்ணினாள்.
ஆட்டுக்கு வந்தபோது கண்ணாடியைத் துடைத்தபடி
பழக்கதோஷத்தில் கேட்டாள்:
"ஏதோ ஒரு ஆடா, அந்த ஆடா?"

தெரியவில்லை என்றேன்.
நான் கிளம்பும்போது
எங்கள் வீட்டில் ஆடே இல்லை.