பவுடர் போடாத சாலை

நாலாவது முறையாக மெக்கானிக்ஸ் அரியர்.
பழைய ஹால் டிக்கெட்டை எட்டாக மடித்து
ஆடுகிற கேரம் பலகைக்கு முட்டுக் கொடுத்தாயிற்று.
வியாசர்பாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, எங்கள் கிளப்.
தலைக்கு மேல் ஒரு பல்பு.
போரிக் பவுடர் மூக்கு வரைக்கும்.

பரீட்சைக்கு வராது என்று சார் தாண்டிப்போன பத்தியில்
ஒரு பிரெஞ்சுக்காரரின் விதி கிடந்தது:
சும்மா நிற்கும் பெரியதை
சிறியது என்ன வேகத்தில் வந்து மோதினாலும்
அசைக்காது.
வந்த வழியே திரும்பிப் போகும்.

தேவகிருபை படித்துவிட்டு ஸ்ட்ரைக்கரை ஊதினாள்.
"இவுரு நம்ம கார்ப்பரேஷன் ஆபீஸ்ல வேலை பாத்தாரா?"

தப்பு என்று சொன்னவர் ஒரு டச்சுக்காரர்.
அவர் பேரை ஒவ்வொரு சாரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள்.
பிரெஞ்சுப் பெரியவர் அவருடைய அப்பாவுக்குச் சிநேகிதர்,
வீட்டுக்கு வந்துபோனவர்.
இருபது சொச்சம் வயதில், கணக்கு ஒத்துவரவில்லை என்றார்.
விட்டுவிடு என்றார் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.
விடவில்லை.
எழுதியது முழுதாக அச்சில் ஏறியபோது
ஆள் இல்லை.

அவர் மனசுக்குள் ஒரு படகு விட்டார்.
படகில் ஒருவன், இரண்டு கையிலும் நூல், நூலில் குண்டு.
கரையில் இன்னொருவன்.
எங்களுக்கும் கால்வாய் இருக்கிறது.
பக்கிங்காமில் மெத்தை போகும், தெர்மாகோல் போகும்,
படகு போகாது.
ஆகவே காசிமேடு.

தேசப்பனின் ஃபைபர் போட்டு,
மீன் நரம்பில் டேப் ஒட்டித் தொங்கவிட்ட இரண்டு ஸ்ட்ரைக்கர்,
தேவகிருபை முழங்கால் மடக்கி நடுவில்.
நான் தடுப்புக் கல் மேல், நண்டுக்குப் பயந்து.
மூன்று தடவை நரம்பு சிக்கியது.
தேசப்பன் டீசல் காசு கேட்டான்.
நாலாவது தடவை
டொக்.

இரண்டும் வந்தன, மோதின, திரும்பின என்றாள்.
இல்லை, நான் பார்த்தேன்:
ஒன்று அந்தரத்தில் சும்மா நின்றது.
இன்னொன்று வந்து
தன் ஓட்டம் முழுவதையும் அதன் கையில் கொடுத்துவிட்டு
நின்றுவிட்டது.
ஐஸ் உடைக்கிற இடம் வரைக்கும் சண்டை.
ரெண்டு பேரும் சரி என்பதுதான்
அந்த ஆள் கண்டுபிடித்தது.
அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினார்:
எவ்வளவு பெரியதும்
எவ்வளவு சிறியது மோதினாலும்
அசையும்.

ராத்திரி பதினொன்று, எண்ணூர் சாலை.
டிரெய்லருக்குப் பின்னால் டிரெய்லர், துறைமுக கேட்டு வரைக்கும்.
முந்தாநாள் ஆம்புலன்ஸ் அரைமணி நேரம் கத்திய இடம்.
டீக்கடை ரசீதின் பின்னால் போட்டேன்:
ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராம்,
இவள் சுண்டினால் நொடிக்கு நாலு மீட்டர்,
டிரெய்லர் நாற்பது டன்.
தடுக்க எதுவும் இல்லை என்றால்
நாளைக்கு அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே.
வருஷத்துக்கு நாற்பத்தேழு மீட்டர்.
அதாவது அந்த மருந்துக்கடையில் இருந்து
ஸ்கூல் வாசல்.

ஆனால் டயர் இருக்கிறது, தார் இருக்கிறது,
கை பிரேக் இருக்கிறது.
மோதியதை எல்லாம் அங்கேயே தின்றுவிடும்.
எண்ணூர் சாலைக்கு
யார் பவுடர் போடுவது?

தேவகிருபை ரசீதை வாங்கிப் பார்த்தாள்.
கணக்கில் குறை சொல்லவில்லை.
ஒற்றைக் கண்ணை மூடினாள்,
கட்டைவிரலுக்குப் பின்னால் ஆட்காட்டி விரலை இழுத்து,
ரெட்டைக் கட் ஆடுகிற அதே முகம்.
டங்.

கண்ணாடி இறங்கியது.
தூக்கக் கலக்கத்தில் ஒரு தலை வெளியே வந்தது:
"இன்னா?"

ரசீதில் எழுதிக்கொண்டேன்: அசைந்தது.

ஸ்ட்ரைக்கர் வண்டிக்கு அடியில் உருண்டு போயிருந்தது.
குனிந்து தேடுவதற்குள்
வரிசை நகர ஆரம்பித்தது.